அழகான அறையா, அருகிலுள்ள அறையா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியக் குடும்பங்கள் பலவற்றில் உல்லாசப் பயணம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஜொகூரிலுள்ள லெகோலேண்டா, பகாங்கிலுள்ள கெந்திங் மலையா, சிலாங்கூரிலுள்ள சன்வே லகூனா, எல்லையைக் கடந்து சிங்கப்பூரின் செந்தோசாவா என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொல்வர். இடத்தை முடிவு செய்வதில் அவ்வளவு சிக்கல் இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் குழப்பம். இணையத்தில் தேடி, விலைகளை ஒப்பிட்டு, "இந்த விடுதி நன்றாக இருக்கிறது" என்று பெற்றோரிடம் சொல்லும் வேலை பல வீடுகளில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையிடமே வந்து சேர்கிறது. அது சிறிய வேலையன்று. தம்பி தங்கையின் இரண்டு நாள் மகிழ்ச்சியும் பெற்றோரின் பல மாதச் சேமிப்பும் அந்தத் தேர்வில் அடங்கியுள்ளன.

விடுதிகளின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணைக் கவர்வது அறையின் அலங்காரம். கடற்கொள்ளையர் படம் வரைந்த சுவர், கோட்டை போன்ற கட்டில், வண்ண வண்ணப் பொம்மைகள் என அனைத்தும் மனத்தை ஈர்க்கும். அடுத்து எத்தனை நட்சத்திர விடுதி என்பதைப் பார்ப்பர். பிறகு விலையைப் பார்ப்பர். இம்மூன்றும் தேவையானவைதாம். ஆயினும், சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நண்பகலில் குழந்தைக்குத் தூக்கம் வந்தால், பூங்காவிலிருந்து படுக்கைக்கு எவ்வளவு நேரத்தில் திரும்ப முடியும்? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையே விடுதியைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.

இதற்கு முதற்காரணம் குழந்தையின் உடல். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 1 முதல் 2 வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3 முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை. பகல் தூக்கமும் இக்கணக்கில் அடங்கும். வீட்டில் மதிய உணவுக்குப் பின் தூங்கிப் பழகிய குழந்தை, பூங்காவுக்கு வந்துவிட்டதால் அந்தப் பழக்கத்தை மறந்துவிடாது. காலை 10 மணிக்குத் துள்ளிக் குதித்து ஓடும் அதே குழந்தை, பிற்பகல் 1 மணிக்குக் காரணமில்லாமல் அழும், தரையில் உட்கார்ந்துகொள்ளும், வாங்கிக் கொடுத்த பனிக்கூழைத் தூக்கி எறியும். பார்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்பர். உண்மையில் அது களைப்பு.

களைப்போடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளன. ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் கடுமையாகவே இருக்கும். திறந்தவெளிப் பூங்காவில் வரிசையில் நிற்கும் பெரியவர்களுக்கே தலை சுற்றும்போது, தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் இடி மின்னலுடன் மழை பெய்வதும் இங்கு வழக்கம். மின்னல் ஆபத்து இருக்கும்போது திறந்தவெளி விளையாட்டுகளையும் நீர்ப்பூங்காவையும் பாதுகாப்புக் கருதி நிறுத்திவைப்பர். அத்தகைய நேரத்தில் அருகிலேயே அறை இருந்தால், குழந்தை உடை மாற்றிக்கொண்டு உறங்கலாம். மழை விட்ட பின் மாலையில் மீண்டும் பூங்காவுக்கு வரலாம். அறை தொலைவில் இருந்தால் ஈரத் துணியுடன் கூரைக்கடியில் காத்துக்கிடக்க வேண்டும். இல்லையேல், பாதி நாளுக்கான நுழைவுக் கட்டணத்தை இழந்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது காரணம், சிறு குழந்தைகளால் பூங்காவை முழுமையாகப் பயன்படுத்த முடியாது என்பதாகும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு உயர வரம்பு உண்டு. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் உயரம் தேவை. மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டரும், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா எனும் உருள்வண்டிக்கு 125 சென்டிமீட்டரும் தேவை. மூன்று வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் இவற்றுள் எதிலும் ஏற முடியாது. ஆகவே, அத்தகைய குழந்தைக்கு விடுதியின் நீச்சல் குளமும் விளையாட்டறையும் பூங்காவுக்கு நிகரானவை. பகல் முழுவதும் பூங்காவில் அலைவதைவிட, காலையில் மூன்று மணி நேரம் பூங்கா, நடுவில் தூக்கம், மாலையில் நீச்சல் என்று பிரித்துக்கொள்வது குழந்தைக்கும் பெற்றோருக்கும் நல்லது. அருகிலுள்ள விடுதிதான் அவ்வாறு நாளைப் பிரித்துக்கொள்ள வழிவிடும்.

இதற்கு லெகோலேண்ட் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் பூங்கா 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜொகூர் மாநிலத்தில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அதன் நீர்ப்பூங்காவும் 249 அறைகள் கொண்ட தங்கும் விடுதியும் திறக்கப்பட்டன. 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் உள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட இடம் அது. விடுதி, பூங்காவின் நுழைவாயிலை ஒட்டியே அமைந்துள்ளது. அறைகளில் பெரியவர்களுக்கு ஒரு கட்டிலும் பிள்ளைகளுக்குத் தனிப்பகுதியில் அடுக்குக் கட்டிலும் உள்ளன. விளம்பரங்களில் கடற்கொள்ளையர் அறையும் அரண்மனை அறையும்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால், மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தாய்க்கு அந்த விடுதியின் பெரும் சிறப்பு அதன் அலங்காரமன்று. நுழைவாயிலிலிருந்து நடந்தே அறைக்குப் போய்விடலாம் என்பதுதான்.

அருகில் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. வரைபடத்தில் காணும் தூரம் வேறு. காலால் நடக்கும் தூரம் வேறு. கெந்திங் மலையிலுள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் விடுதியில் 7,351 அறைகள் உள்ளன. அறைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே மிகப் பெரிய விடுதி என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. உள்ளரங்க விளையாட்டுத் தளமும் கடைகளும் அதை ஒட்டியே உள்ளன. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலின் கொடுமையும் இல்லை. இவையெல்லாம் குழந்தைகளுக்கு ஏற்றவையே. எனினும், பல கோபுரங்களாகப் பரந்திருக்கும் ஒரு விடுதியில் பதிவு செய்யும் வரிசை, மின்தூக்கிக்கான காத்திருப்பு, நீண்ட நடைகூடம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். பள்ளி விடுமுறையில் கூட்டம் அலைமோதும்போது மின்தூக்கிக்கு நிற்கும் பத்து நிமிடமும் பயணத்தில் ஒரு பகுதிதான்.

தூரத்திற்கு அடுத்தபடியாக, அறையில் யார் யார் தங்கப்போகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுக்குக் கட்டில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால், 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மேல்தட்டில் படுக்க வைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. எனவே, நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு மேல்தட்டு வெறும் காட்சிப்பொருளே. குழந்தையோடு கீழே படுக்க இடம் இருக்கிறதா என்பதே அவர்களுக்கு முக்கியம். தாத்தா பாட்டியும் உடன் வருவது தமிழ்க் குடும்பங்களில் இயல்பு. குடும்ப அறை என்று குறிப்பிடப்படும் அறைகள் பலவும் இரு பெரியவர்களுக்கும் சில பிள்ளைகளுக்கும் ஏற்றவாறே அமைக்கப்பட்டவை. முழங்கால் வலியுள்ள பாட்டியைப் பிள்ளைகளின் சிறிய கட்டிலில் படுக்கச் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தனி அறை எடுத்தால் அது பக்கத்திலேயே கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

உணவும் அப்படித்தான். இரவு 2 மணிக்குப் பால் கேட்டு அழும் குழந்தைக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் வேண்டும். மருந்தையும் பாலையும் வைக்கக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம் உண்ணும் பெரியவர்களுக்கு ஏற்ற உணவு விடுதியில் இல்லையென்றால், அருகில் உணவுக்கடைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சன்வே லகூனைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே பெரிய பேரங்காடி இருப்பதால் விடுதியின் உணவகத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. கேத்தலும் உணவுக்கடையும் எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால், இரவு நிம்மதியாகக் கழிவதற்கு இவையே துணை நிற்கின்றன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பூங்காவை ஒட்டிய விடுதிகள் விலை மிகுந்தவை. பணம் படைத்தவர்களுக்கு மட்டுமே இந்த அறிவுரை பொருந்தும் என்று சிலர் கூறுவர். இது நியாயமான மறுப்பு. பூங்காவின் வாசலில் இருக்கும் விடுதி, இருபது நிமிடத் தொலைவிலுள்ள விடுதியைவிட அதிகக் கட்டணம் வசூலிப்பது இயல்பே. ஆனால், கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு முழுமையாகாது. எடுத்துக்காட்டாக, வாசலிலுள்ள விடுதி காலை உணவுடன் ஓர் இரவுக்கு 900 ரிங்கிட் என்றும், தொலைவிலுள்ள விடுதி உணவின்றி 350 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 550 ரிங்கிட். தொலைவிலுள்ள விடுதியில் தங்கினால் நால்வரின் காலை உணவுக்கு 100 ரிங்கிட் ஆகலாம். காலையில் செல்லவும் நண்பகலில் திரும்பவும் மாலையில் மீண்டும் சென்று வரவும் நான்கு முறை வாடகை வண்டி எடுத்தால் 80 ரிங்கிட் ஆகலாம். ஆக, உண்மையான வேறுபாடு 370 ரிங்கிட். ஒரு பகல் தூக்கத்திற்கும் நிம்மதியான மாலைக்கும் 370 ரிங்கிட் கொடுக்கலாமா என்பதே அந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் மட்டுமே உள்ள குடும்பம் தொலைவிலுள்ள மலிவான விடுதியில் தங்கலாம். அவர்கள் பகலில் தூங்கப் போவதில்லை. காலை முதல் மாலை வரை பூங்காவிலேயே இருப்பர். அவர்கள் வாசலிலுள்ள விடுதிக்குப் பணம் கொடுத்தால் பயன்படுத்தாத வசதிக்குக் கொடுத்ததாகவே ஆகும். பூங்காவுக்கு அருகில் வசிப்பவர்களுக்கோ விடுதியே தேவையில்லை. கிள்ளானில் இருக்கும் குடும்பம் கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் செத்தியா ஜெயா நிலையத்திற்கு வந்து, அங்கிருந்து சன்வே விரைவுப் பேருந்தில் ஏறிச் சன்வே லகூனுக்குச் சென்றுவிடலாம். குழந்தை களைத்ததும் வீடு திரும்பலாம். சொந்தப் படுக்கையைவிட நல்ல படுக்கை எந்த விடுதியிலும் இல்லை.

விலையைக் குறைக்க வேறு வழியும் இருக்கிறது. விடுதிக் கட்டணம் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும்தான் உச்சத்தைத் தொடும். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் அங்கும் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. ஆகவே, ஜொகூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய மூன்று இடத்து மக்களுக்கும் இப்போது ஒரே நாளில்தான் ஓய்வு. பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் மட்டுமே உள்ள குடும்பம் அந்தக் கூட்டத்தோடு போட்டியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பெற்றோருக்கு விடுப்புக் கிடைத்தால், சாதாரண வாரநாளில் சென்று குறைந்த கட்டணத்தில் வாசலருகிலேயே தங்கலாம். வரிசையும் குறைவாக இருக்கும்.

அறையின் அலங்காரத்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. கதவைத் திறந்ததும் கண்கள் விரிய நிற்கும் குழந்தையின் மகிழ்ச்சிக்கு விலை கிடையாது. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால், தூக்கமின்றி அழுது களைத்த குழந்தைக்குக் கோட்டையும் தெரியாது. கொள்ளையர் கப்பலும் தெரியாது. மேலும், அலங்கார அறையை அனுபவிக்கக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. பல விடுதிகளில் பிற்பகல் 3 மணிக்குப் பிறகே அறையைத் தருவர். மறுநாள் காலை 11 அல்லது 12 மணிக்குள் வெளியேறச் சொல்வர். ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பாதி, உறக்கத்திலேயே கழிந்துவிடும். ஆகவே, ஒரே இரவு தங்குபவர்கள் முதல் நாள் நண்பகலில் அறை கிடைக்கும் என்று எண்ணி ஏமாறக்கூடாது. முதல் நாள் பிற்பகல் நீச்சல் குளத்திற்கும் இரண்டாம் நாள் காலை பூங்காவுக்கும் என்று திட்டமிடுவது நன்று. நண்பகல் தூக்கத்திற்காகவே அருகில் தங்குபவர்கள் இரண்டு இரவு தங்கினால்தான் கொடுத்த பணத்தின் பயனை முழுமையாகப் பெறுவர்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. திரையில் காணும் விலையில் வரி அடங்கியுள்ளதா? மலேசியாவில் தங்கும் விடுதிகளுக்கான சேவை வரி 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் 8 விழுக்காடு. சிங்கப்பூர்க் குடும்பங்கள் மலேசியாவில் தங்கினால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் செலுத்த வேண்டும். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு ஆழம் குறைந்த தனிப்பகுதி உள்ளதா? உயிர்காப்பாளர் எந்நேரம் வரை இருப்பார்? ஒரே நாளில் பூங்காவை விட்டு வெளியேறி மீண்டும் உள்ளே வர அதே நுழைவுச்சீட்டு செல்லுமா? குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் தேதியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியுமா? ஒரு தொலைபேசி அழைப்பில் இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இத்தகைய செலவுகளுக்கும் பொருந்தும்.

விடுதித் தேர்வு என்பது, இப்பயணம் யாருக்காக என்ற கேள்விக்குக் குடும்பம் அளிக்கும் விடையே ஆகும். படம் பிடித்துப் பிறருக்குக் காட்டுவதற்காகப் பயணம் செல்வோர் அழகான அறையைத் தேடட்டும். குழந்தைக்காகப் பயணம் செல்வோர் அதன் தூக்கத்தையும் பசியையும் வெயில் தாங்கும் ஆற்றலையும் முதலில் எண்ணிப் பார்க்கட்டும். குழந்தை நன்றாகத் தூங்கினால் தாய் தந்தையருக்கும் ஓய்வு கிடைக்கும்; தாத்தா பாட்டிக்கும் கால் நீட்டி உட்கார நேரம் கிடைக்கும்; அண்ணனும் அக்காவும் தங்களுக்குப் பிடித்த விளையாட்டில் ஏற யாராவது ஒருவரை உடன் அழைத்துச் செல்ல முடியும். குடும்பத்திலேயே மிகச் சிறியவருக்கு ஏற்ற விடுதியைத் தேர்ந்தெடுத்தால், அது மற்ற எல்லாருக்கும் ஏற்றதாகவே அமைந்துவிடும்.